நாலு மணி அலாரமும் நாவல் எழுதுற மருமகனும்

மருமகனே, நீரு நாவல் எழுதப்போறீருன்னு ஊரே பேசுது. பேசாம என்ன செய்யும்? விடியக்காலம் நாலு மணிக்கு உம்ம போன் அலறுது. உம்மைத் தவிர தெருவே முழிச்சுக்கிடுது. எங்க வீட்டுச் சேவல், இனி நமக்கென்ன வேலைன்னு கூவுறதையே விட்டுட்டு.

நேத்து உம்ம வீட்டுப் பீரோவுல ஒட்டியிருந்த அட்டையைப் பாத்தேன். மூணு கலர் ஸ்கெட்ச் பேனா, அடிஸ்கேல் வச்சுப் போட்ட கோடு. நாலுலருந்து ஆறு எழுத்து. ஆறுலருந்து ஏழு வாசிப்பு. ராத்திரி ஒம்பதுலருந்து பதினொண்ணு மறுபடியும் எழுத்து. ஞாயித்துக்கிழமை முழுப் பொழுதும் எழுத்து. லெட்சணமான அட்டைதான். ஆனா அதுல குளிக்க நேரம் ஒதுக்கக் காணோம். பிள்ளைக்குக் காய்ச்சல் வரவும் எடமில்ல. மாமன் வந்தா ஒரு வாய் காப்பி கொடுக்க அஞ்சு நிமிசம் கூட இல்ல, அதுதான் எனக்குக் கொஞ்சம் வருத்தம். பேசாம அந்த அட்டையையே பத்திரிகைக்கு அனுப்பிவிடும். அம்புட்டும் கற்பனை.

கேட்டா, ஆபீஸ் வேலை கழுத்தை நெரிக்குதுங்கீரு. கூட்டுறவு இலாகாவுல இருந்துக்கிட்டு இந்தப் பேச்சைப் பேசலாமா? நம்ம கோவில்பட்டிப் பக்கத்துப் பூமணியும் அதே இலாகாவுல அதிகாரியா இருந்தவருதான். ‘பிறகு’ 1979, ‘வெக்கை’ 1982. அந்த ‘வெக்கை’தான் ‘அசுரன்’னு சினிமாவா வந்துச்சு, நீரும் விசிலடிச்சுப் பாத்தீரு. மேலாண்மை பொன்னுச்சாமி இருந்தாரே, அஞ்சாம் வகுப்போட பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவரு. ஊருல சின்னக் கடை வச்சுப் பொழச்சவரு. ‘மின்சாரப் பூ’வுக்கு 2008-ல சாகித்ய அகாதெமி கொடுத்தாங்க. ஊட்டியில பங்களா புடிச்சு எழுதுற வருமானமா அந்தக் கடையில வந்துருக்கும்?

வெள்ளைக்காரன் சொன்னாத்தான் கேப்பேன்னா அதுக்கும் ஒரு ஆளு இருக்கான். ஆந்தனி டிராலப். தபால் இலாகா உத்தியோகம். பிரிட்டன் பக்கம் ரோட்டோரத்துல தபால் பெட்டி நட்டு வைக்கச் சொன்னவன் அவன்தான். 1852-ல ஜெர்சித் தீவுல ஆரம்பிச்சாங்க. ஆமா, நம்ம தொழுவத்துல நிக்கிற ஜெர்சிக்குப் பேரு கொடுத்த அதே தீவுதான். காலையில அஞ்சரைக்கு மேசையில உக்காந்துருவானாம். மொத அரைமணி முந்தின நாள் எழுதினதை வாசிப்பான். பெறகு கடியாரத்தை முன்னால வச்சுக்கிட்டு, கால்மணிக்கு 250 வார்த்தை. எட்டரைக்கு எந்திரிச்சு உத்தியோகம் பாக்கப் போயிருவான். இப்படியே 47 நாவல். இந்த விவரமெல்லாம் சுயசரிதையில இருந்துச்சு. ஆளு செத்ததுக்கப்புறம் 1883-ல அது வெளிவரவும், இவன் எழுத்தாளனா மில்லுத் தொழிலாளியான்னு மொகத்தைச் சுளிச்சாங்க. உம்மளை மாதிரி உள்ளொளி வரட்டும்னு காத்துக்கிடந்தவங்களா இருக்கும்.

அதுக்காக அவனைப் பாத்து நீரும் சூடு போட்டுக்கிடாதீரும். அவனை எழுப்பிவிடுறதுக்குன்னே ஒரு வேலைக்காரன் இருந்தான்; அந்த வேலைக்கு வருசத்துக்கு அஞ்சு பவுன் தனிச் சம்பளம். உமக்கு இருக்கிறது எம்மவ ஒருத்தி. நாலு மணிக்கு எழுப்பச் சொல்லிப் பாரும், எழுப்புறாளா எகிறுறாளான்னு தெரியும்.

நேரம் இல்லைங்கீரே, நான் எடுத்துத் தாரேன். கல்யாண வீடானாலும் கொடைவிழாவானாலும், மார்ச் மாசக் கணக்கு முடிக்கிற நாளானாலும், ராத்திரி சாப்பிட்டுக் கைகழுவின கையோட திண்ணையில காலை நீட்டிப் போனைத் தேய்க்கீரு பாரும், அந்த அரைமணி என்னைக்காவது தப்பிருக்கா? உமக்கு ஒழுங்கு இல்லைன்னு எவன் சொன்னான்? புதுசா ஒரு நேரத்தைத் தேடாதீரும். ஏற்கெனவே உக்காந்து பழகின அந்த எடத்துலயே நோட்டை விரியும்.

அரைமணியில 200 வார்த்தை. கைகூசாம எழுதலாம். வாரத்துக்கு அஞ்சு நாள் போதும், ரெண்டு நாள் மனுசனா இரும். வாரம் ஆயிரம். கொடைக்கு ஒரு வாரம், உம்ம மச்சினன் வந்து டேரா போடுற ஒரு வாரம், ரெண்டையும் கழிச்சா வருசத்துக்கு அம்பது வாரம், அம்பதாயிரம் வார்த்தை. தாட்டியமான நாவல்லா அது! பிள்ளைக்குக் காய்ச்சல்னா ரெண்டே வரி எழுதிட்டு மூடிவையும். ஒரு நாள் தவறிட்டா, மறுநாள் ரெட்டிப்பா எழுதுதேன்னு மட்டும் கிளம்பிராதீரும். அப்படிக் கிளம்புனவன் மூணாம் நாள் நோட்டையே தொடமாட்டான்.

இன்னொண்ணு. பால் கறக்கும்போது கன்னுக்கு ஒரு காம்பு விடுறோம்லா, அந்த மாதிரி அடுத்த வரி இன்னதுன்னு தெரிஞ்சிருக்கும்போதே பேனாவை வையும். ஒட்டக் கறந்துட்டீருன்னா மறுநாள் வெறும் மடியைத்தான் இழுக்கணும். மொத அத்தியாயத்தைத் திருத்துதேன், திருத்துதேன்னு அங்கனயே குத்தவச்சிராதீரும். கதாநாயகன் பஸ்ஸுல ஏறி மூணு மாசமாச்சு, இன்னும் டிக்கெட் எடுக்கலைன்னு எம்மவ சொல்லுதா. டீக்கடைப் பெஞ்சுல முழுக்கதையும் சொல்லித் தீர்க்கிறதையும் விடும். அங்க நாலு பேரு ‘ஆகா’ன்னுட்டா வயிறு நெறைஞ்சுரும், வீட்டுக்கு வந்து எழுத எவனுக்குப் பசிக்கும்?

சரி, இன்னைக்கு ராத்திரியிலருந்தே ஆரம்பிச்சிரலாம். சாப்பிட்டதும் அந்தப் போனை எங்கிட்டக் குடுத்துரும். உம்ம ஆபீஸ் குரூப்புல வர்ற குட்நைட்டுக்கெல்லாம் நானே பதில் போட்டுக்கிடுதேன். மேனேஜருக்கு மட்டும் என்ன போடணும்னு இப்பவே சொல்லிரும்.