ஊத்தா பாய்ஸ்

மிளகாய்த்தூள் யார் வீட்டிலிருந்து வருவது என்பது நேற்றிரவு வரை முடிவாகவில்லை. ‘ஊத்தா பாய்ஸ்’ வாட்ஸப் குழுவில் விடிய விடிய அதுதான் ஓடியிருக்கிறது. பாய்ஸ் என்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இருவருக்கு மூட்டுவலி, ஒருவர் ஓய்வூதியர், அட்மின் என் அத்தை.

விஷயம் இவ்வளவுதான். மாசி கழிந்து பங்குனி பிறந்தால் ஆலங்குடியைச் சுற்றியுள்ள குளங்களும் கண்மாய்களும் முழங்காலளவுக்கு வற்றிவிடும். வயலுக்கு இனித் தண்ணீர் வேண்டாம் என்றானதும் ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி, மீனைப் பொதுவில் விட்டுவிடுவார்கள். பேப்பரில் மீன்பிடித் திருவிழா என்று படம் போடுகிறார்களே, அதுதான். மாவட்டத்தில் ஐயாயிரத்துக்கும் மேல் கண்மாய் இருக்கிறது, ஏதாவது ஒன்றில் இறங்கிவிடலாம் என்று பொங்கலன்று மாமா ஆரம்பித்துவைத்தார். “இந்த வருஷம் நாம எல்லாரும் போறோம்.” அப்போதே எனக்கு வயிற்றைக் கலக்கியது. ‘நாம எல்லாரும்’ என்று தொடங்கிய எதுவும் எங்கள் குடும்பத்தில் ஆலங்குடி பஸ் ஸ்டாண்டைத் தாண்டியதில்லை.

சின்ன மாமா, குளமெல்லாம் எதற்கு, ஜெகதாப்பட்டினம் போய்க் கடலிலேயே இறங்குவோம் என்றார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடை என்று யாரோ எடுத்துச் சொன்னார்கள். அப்படியானால் நாட்டுப்படகு என்றார். வம்பன் நால்ரோட்டில் பஸ் திரும்பினாலே அவருக்கு வாந்தி வரும்.

இந்த நேரம் பார்த்து மினசோட்டாவிலிருந்து அக்கா மகன் உள்ளே வந்தான். அங்கே கனடா எல்லையை ஒட்டி பவுண்டரி வாட்டர்ஸ் என்று ஒரு காட்டுப் பகுதி. ஆயிரத்துக்கும் மேல் ஏரிகள். இரண்டு பேர் உட்காரும் துடுப்புப் படகில் போய்க்கொண்டே இருக்கலாமாம். ஏரி முடிந்தால் படகைத் தலைமேல் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு அடுத்த ஏரிக்கு நடக்க வேண்டும். மே 1 முதல் செப்டம்பர் 30 வரை நுழைவுக்கு ஒதுக்கீடு உண்டு. அதற்கு ஜனவரியிலேயே முன்பதிவு தொடங்கிவிடும். கண்ணாடிப் பாட்டிலும் தகர டப்பாவும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. ஒரு குழுவில் ஒன்பது பேருக்கு மேல் கூடாது, படகு நான்குக்கு மேல் கூடாது. இதையெல்லாம் சொல்லிவிட்டு நமக்கும் ஒரு எக்செல் அனுப்பினான். யார், என்ன, எப்போது, மாற்று ஏற்பாடு என்று கட்டம் கட்டமாக. தங்கமான பையன். ஆனால் மே மாதத்து மீனுக்கு ஜனவரியில் சீட்டுப் போடும் ஊரில் இருப்பவனுக்கு நம்மூர்ச் சங்கதி எப்படிப் புரியும்? இங்கே குளம் அழிக்கிற சேதி முந்தின நாள் சாயங்காலம்தான் வரும். விடிவதற்குள் பத்து ஊர்ச் சனம் கரையில் நிற்கும். குட்டியானை, டிராக்டர், ஒரு பைக்கில் மூன்று பேர். கரையில் இருக்கிற சாமியைக் கும்பிட்டுவிட்டு ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசுவார். அவ்வளவுதான், குளம் கலங்கிவிடும். ஊத்தா, கச்சா, வலை, கூடை, ஒன்றுமில்லாதவர் கட்டியிருக்கும் வேட்டி. வெயில் ஏறுவதற்குள் எல்லாம் முடிந்து, சேறும் கொக்கும் மிஞ்சும். பிடித்ததை விற்கக் கூடாது, வீட்டில்தான் குழம்பு வைக்க வேண்டும் என்பது பல ஊர்களில் கட்டுப்பாடு. இத்தனையும் எக்செல் இல்லாமல் நடக்கிறது.

ஊத்தாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உண்மையில் அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். மூங்கில் குச்சிகளை வரிந்து கட்டியது. கீழ்வாய் அகலம், மேல்வாய் குறுகல். கலங்கிய தண்ணீரில் குத்தி, மேல்வாய் வழியாகக் கைவிட்டுத் துழாவி மீனை எடுக்க வேண்டும். எல்லோரும் குத்துகிறார்கள், சிலருக்குத்தான் விரால் அகப்படுகிறது. அதற்கு ஒரு நுணுக்கம் இருக்கிறது. என் அப்பா சொல்லிக்கொடுத்தது. அதற்கு வருகிறேன்.

அதற்குமுன் குழம்பு. எங்கே தொடங்கினாலும் பேச்சு குழம்பில் வந்துதான் விழுகிறது. கரையிலேயே அடுப்பு மூட்டிக் குழம்பு வைப்பது என்று ஏகமனதாகத் தீர்மானம். ஏகமனதாக நிறைவேறியது அது ஒன்றுதான். எந்தச் சட்டி? மண்சட்டி. பைக்கில் வந்தால் உடையும், காரில் வரட்டும். கார் மச்சினனுடையது, புதுசு. சட்டி ஏறலாம், மீன் ஏறக் கூடாது என்றான். போகும்போது காலிச் சட்டிதானப்பா என்று சமாதானம் செய்தார்கள். அடுத்து எண்ணெய். கடலை விளைகிற பூமி. செக்குக் கடலையெண்ணெய் தவிர வேறு பேச்சே எழுந்திருக்கக் கூடாது. எழுந்தது. மீனுக்கு நல்லெண்ணெய்தான் என்றார் கீரமங்கலத்துச் சித்தி. கொலஸ்டிராலுக்கு ஆலிவ் எண்ணெய் நல்லது என்று சென்னையிலிருந்து அவர் மருமகள் எழுதினாள். சித்தி பதிலுக்கு ஒரு கும்பிடு பொம்மை மட்டும் போட்டார். அந்தக் கும்பிடுக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் வீட்டுக் கைக்குழந்தைக்கும் தெரியும்.

பிறகு புளி. பழசா, புதுசா? மாங்காய் போடலாமா? விராலுக்குப் போடலாம், கெண்டைக்கு வேண்டாம். கெளுத்தி கிடைத்தால்? கெளுத்தி முள் குத்தினால் என்ன வைத்தியம் என்று அது ஒரு கிளையாகப் பிரிந்து அரைநாள் ஓடியது. மீன்குழம்பு மறுநாள்தான் ருசி என்றார் ஓய்வூதியர். மறுப்பாரில்லை. ஆக, இரவு தங்க வேண்டும். எங்கே? வடகாட்டில் ஒரு பலாத்தோப்பில். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்துப்போட்டது போக மிச்சம் நிற்கும் மரத்தடியில். தங்குவதென்றால் பாய், தலையணை, கொசுவலை. கொசுவலை என்றதும் ஒருவர், அதையே குளத்தில் விரித்தால் அயிரை அள்ளலாமே என்றார். மீனைப் பிடிப்பது பற்றி அந்தக் குழுவில் வந்த முதல் யோசனை. ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.

மாற்று ஏற்பாடு என்ற கட்டம் காலியாக இருப்பதைப் பையன் நினைவூட்டினான். மீனே சிக்காவிட்டால்? எதற்கும் இரண்டு கிலோ கட்லா கடையில் வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துப்போவது என்று முடிவாயிற்று. ஆந்திராவில் வளர்ந்து லாரியில் வந்த கட்லாவுக்கு ஆலங்குடிக் குளத்தைச் சுற்றிக்காட்டப் போகிறோம். அந்த ஐஸ் பெட்டி யாருடையது என்பதை நான் எழுதினால் இன்னொரு பக்கம் ஆகும். எழுதலாம்தான். வேண்டாம்.

இதற்கு நடுவில், சனிக்கிழமையா ஞாயிற்றுக்கிழமையா என்று வாக்கெடுப்பு நடந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம், பக்கத்து ஊர்க் குளம் நாளைக்கு அழிக்கிறார்கள் என்று ஒரு செய்தி வந்திருக்கிறது. மேலே ரோஜாப்பூ குட் நைட், கீழே ரோஜாப்பூ குட் நைட், நடுவில் அது. யாரும் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் பால்காரர் கேனோடு கேனாக உரச்சாக்கில் விரால் கொண்டுவந்து காட்டினார். உயிரோடு துள்ளியது. தண்ணீர் வற்றிச் சேறானாலும் வெளிக்காற்றைக் குடித்துப் பிழைத்துக் கிடக்கிற மீன் அது. “நீங்க வரலையாண்ணே?” என்று கேட்டார். மிளகாய்த்தூள் முடிவாகவில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

குழுவில் பொரிந்து தள்ளினேன். இப்படியே பேசிக்கொண்டிருந்தால் சித்திரையும் போய்விடும், அப்புறம் குளத்தில் கிரிக்கெட்தான் ஆட முடியும் என்று போட்டேன். மாமா சொல்வது நியாயம், ஆள் அதிகமானதுதான் சிக்கல் என்று ஆரம்பித்து, மினசோட்டாக்காரன் தன் ஊர்ச் சட்டத்தை எடுத்துவிட்டான். ஒன்பது பேர் போதும் மாமா. அந்தச் சட்டம் எழுதினவர் குடும்பஸ்தராகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று எனக்கே தோன்றியது. எண்ணிப் பார்த்தார்கள், பத்துப் பேர். யார் விலகுவது என்று ஒரு நாள் முழுக்க மயான அமைதி. கடைசியில், பெருந்தன்மையாக, நான் வேண்டுமானால் விலகிக்கொள்கிறேன் என்று எழுதினேன். எல்லோரும் பதறுவார்கள் என்று பார்த்தேன். மடமடவென்று நான்கு கட்டைவிரல் வந்தது. ‘நல்ல மனசு’ என்று அத்தை. எக்செல்லில் என் பெயர்மேல் உடனே கோடு விழுந்தது.

என் ஊத்தாவை மட்டும் தம்பியிடம் கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறார்கள். கொடுத்துவிடுவேன். அந்த நுணுக்கத்தைச் சொல்லமாட்டேன். இங்கேயும் எழுதப்போவதில்லை, அவர்கள் இதைப் படிப்பார்கள்.