தள்ளத் தள்ளப் பெருகும் புகழ்

யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில் எங்கள் ஒழுங்கைக்குள் ஒரு பெரியவர் இருக்கிறார். நாலு சில்லு, வட்ட முகம், இரண்டு வெளிச்சம். இங்கிலாந்தில் பிறந்து, 1950களில் கப்பலில் வந்து இறங்கியவர். மூத்தவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது மரியாதையில்லை என்பதால், எந்தக் கொம்பனியின் பிள்ளை என்று சொல்லமாட்டேன். சொந்தக்கார ஐயாவும் அவரைக் கார் என்று சொல்வதில்லை. "அவன் இன்னும் நல்லா நிக்கிறான் தம்பி" என்பார். உண்மைதான். நிற்பதில் அவரை வெல்ல இந்த ஊரில் ஆளில்லை.

குலம் பெரிய குலம். இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது இங்கிலாந்தில் உருக்குக்குத் தட்டுப்பாடு. ஏற்றுமதி செய்கிற கொம்பனிக்கே முதலில் உருக்கு என்றது அரசு. அந்த நாட்டுச் சனம் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க, கார்கள் கப்பலேறி எங்களைப் போன்றவர்களிடம் வந்தன. தங்களுக்கு வேண்டியதைப் பிறருக்குக் கொடுத்த அந்தத் தாராளத்தை நாங்கள் இன்றுவரை தோள் கொடுத்துத் தாங்கி வருகிறோம்.

அந்தக் குலத்தில் மொறிஸ் மைனர் 1948இல் வெளிவந்தது; இலங்கை சுதந்திரம் பெற்ற அதே ஆண்டு. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். அகலம் போதவில்லை என்று கடைசி நேரத்தில் அவருக்குப் பட்டது. மாதிரிக் காரை நடுவால் அரிந்து, இரண்டு பாதியையும் தள்ளி வைத்துப் பார்த்து, 4 அங்குலம் கூட்டினார். பொனற்றின் நடுவில் தெரிகிற மேடு அந்தச் சத்திரசிகிச்சையின் தழும்பு. பிறக்குமுன்பே வெட்டி ஒட்டப்பட்ட வம்சத்தை எங்கள் கராஜ்காரர் அறுபது வருடமாக வெட்டி ஒட்டுவதில் என்ன குற்றம்?

அமெரிக்கச் சொந்தங்களும் உண்டு. 1959ஆம் ஆண்டுக் கடிலாக் ஏறத்தாழ 19 அடி நீளம். பின்னால் இரண்டு செட்டை வேறு. எங்கள் ஒழுங்கையில் அது திரும்பினால் தலை பாசையூரிலும் வால் கொழும்புத்துறையிலும் நிற்கும். எங்களுக்கு ஆங்கில அடக்கமே போதும்.

பெரியவரின் முதற் குணம், ஊரை ஒன்றுசேர்ப்பது. காலையில் செல்ஃப் ஒருதரம் முனகி அடங்கும். ஐயா கண்ணாடியை இறக்கி, "தம்பி, ஒருக்காக் கை குடுங்கோ" என்பார். "ஓமையா" என்று போனால், ஏற்கெனவே இரண்டு பேர் பின்னால் நிற்பார்கள். பேசாமல் இருந்த பங்காளிகள் அந்த டிக்கியில் கைவைத்தபிறகு பேசத் தொடங்கியதை நானே கண்டிருக்கிறேன். அவர் திரும்புகிற அழகும் தனி. சந்தியில் கைகாட்ட, கதவுத் தூணுக்குள்ளிருந்து ஒரு சின்னச் சிறகு எழும்ப வேண்டும். எழும்பாது. ஐயா உள்ளேயிருந்து தூணில் இரண்டு குட்டுக் குட்டுவார். சிறகு மெல்ல எழும்பும்போது சந்தி பின்னால் போயிருக்கும். இது யோகர் சுவாமி 1964இல் சமாதியாகும்வரை இருந்த ஊர். அவரிடம் வந்த அடியார்கள் பற்றை விடப் பழகினார்கள். எங்கள் பெரியவர் பற்றரியையும் விட்டவர்.

ஆனாலும் அவர் புகழ் உச்சிக்குப் போனது 1990க்குப் பிறகுதான். அந்த ஆண்டு யூனில் சண்டை மறுபடி மூண்டது; எங்கள் பக்கத்துக்குப் பொருளாதாரத் தடை வந்தது; பெற்றோல் இல்லாமற் போனது. பெரியவரோ மண்ணெண்ணெயில் ஓடினார். மூடியில் ஓட்டை போட்ட சின்னப் போத்தலில் தங்கம்போல வைத்திருந்த பெற்றோலைக் காபரேற்றருக்குள் இரண்டு மூன்று முறை பீச்சுவார்கள். அதில் எஞ்சின் பிடித்துச் சூடேறியதும் மண்ணெண்ணெய் ஆவியாகி எரியும். பழைய எஞ்சின்களின் அமுக்கம் குறைவு. கண்டதையும் குடித்துச் சீரணிக்கும். அது குறைபாடு என்று படித்தவர்கள் சொல்லட்டும், நாங்கள் எளிமை என்போம். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டனைத் தாண்டிக் கீழே வடிந்து எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கியதை ஈகை என்போம். அந்தப் புகையில் ஒழுங்கையில் ஒரு நுளம்பு இருந்ததில்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தபோது, எந்தக் காரும் சனத்தின் வேகத்தில்தான் ஊர முடிந்தது. அந்த வேகத்தில் முன்பே தேர்ச்சி பெற்றிருந்தவர் எங்கள் பெரியவர் ஒருவர்தான்.

இவ்வளவு புகழும் அவருக்கு யாரால் வந்தது? இசிகோனிஸ் போன்றவர்கள் செய்துவிட்டுப் போய்விட்டார்கள். வாழவைத்தவர்கள் எங்களை ஆண்டவர்கள். அந்நியச் செலாவணி இல்லையென்று 1960களில் கார் இறக்குமதியை இறுக்கினார்கள். பெரியவருக்கு ஆயுள் கூடியது. 1977இல் கதவைத் திறந்து யப்பான் கார்களை விட்டார்கள்; பெரியவர் கோழிக்கூடாகும் நிலை வந்தது. நல்லகாலம், 1990இன் தடை அவரை மீட்டது. 2020 மார்ச்சில் நாடு முழுவதற்கும் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது அவர் விலை ஏறியது. 2022இல் எல்லாரும் எரிபொருள் வரிசையில் நாள்கணக்காகக் காய்ந்தபோதும் அவர் முகம் வாடவில்லை. நிற்பது பிறவிக்குணம்.

இப்போது அவருக்குக் கலியாண யோகம். ரொறன்ரோவிலிருந்து வருகிற மாப்பிள்ளைக்குக் கோயிலிலிருந்து மண்டபத்துக்குப் பழைய கார்தான் வேண்டும். அங்கே தவணை தவறாமல் காரைச் சேர்விசுக்கு விடுகிறவர், இங்கே பட்டுவேட்டியோடு இறங்கித் தள்ளுகிறார். மேலே ட்ரோன் அதைப் படமெடுக்கிறது. ஐயா ஸ்ரேறிங்கைப் பிடித்தபடி, "அசல் இங்கிலாந்துச் சாமான், தம்பி" என்கிறார். அசலாக மிஞ்சியிருப்பது 'இங்கிலாந்தில் செய்தது' என்ற தகடு. மற்றதெல்லாம் ஆரியகுளத்துப் பக்கத்துக் கராஜ்களில் செய்தது. அந்தக் கைகளுக்கு மட்டும் ஒருவரும் மாலை போடுவதில்லை. போட்டால் பெரியவரின் குலப்பெருமைக்கு இழுக்கு.

2025 பெப்ரவரியில் இறக்குமதிக் கதவு மறுபடி திறந்தது. ஐயாவின் முகத்தில் கவலை. நான்தான் ஆறுதல் சொன்னேன்: "யோசியாதேங்கோ ஐயா. எங்கட அரசாங்கங்களில நம்பிக்கை வையுங்கோ. டொலர் முடியும், தடை வரும், இவன் திரும்பவும் ராசா."