மேக்கும் மேட்டூரும்: மூலநிரல் நிறுவுதலின் டெல்டா வேர்கள் குறித்து ஓர் ஆய்வு

மூலநிரலை இறக்கி, கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால் என்ற மூன்று கட்டளைகளால் மென்பொருளை நிறுவும் முறை அமெரிக்காவில் தோன்றியது என்பாரும் உளர். 1976இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் ‘மேக்’கை எழுதினார் என்பதை நாம் மறுக்கவில்லை. காவிரி டெல்டாவில், திருவையாறு முதல் வேதாரண்யம் வரை, அம்முறை முன்பே வழக்கில் இருந்தது என்பதே நம் கருதுகோள். கல்வெட்டுச் சான்றைக் கல்லணைப் பக்கம் தேடிவருகிறோம்.

கான்ஃபிகர் மென்பொருளை உருவாக்காது. முதலில் கேள்விதான் கேட்கும். சி கம்பைலர் உண்டா? உண்டு. அது ஓடுகிறதா? ஓடுகிறது. வைகாசிக் கடைசியில் டீக்கடை பெஞ்சில் நடப்பதும் இதுவே.

“மேட்டூர்ல எத்தன அடி நிக்கிது மாமா?”

“அது கெடக்கு. வெத நெல்லு வாங்கிட்டியா?”

“ஆடுதுறை 36 வாங்கியாச்சு.”

“டிராக்டரு?”

“சொல்லியாச்சு. டிரைவர்தான் ஊர்ல இல்ல.”

நூறு ‘உண்டு’க்குப் பின் ஒரே ஒரு ‘இல்லை’. நூலகம் இருக்கும், அதன் தலைப்புக் கோப்பு இருக்காது. கான்ஃபிகர் அங்கேயே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்ளும்.

இடையில் அது நாளும் பார்க்கும் என்பது ஈண்டு நோக்கற்பாலது. புதுக் கோப்பு ஒன்றைப் படைத்து, அது மூலநிரலைவிட இளையதுதானா என்று சோதிக்கும். அரசின் பழைய விலையில்லா மடிக்கணினியில் உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி செத்துப்போயிருந்தால் தேதி பின்னுக்குப் போய்விடும். பிள்ளை தகப்பனுக்கு மூத்தவனாவான். கடிகாரத்தைப் பார் என்று சொல்லிக் கான்ஃபிகர் நின்றுவிடும். மேட்டூர் அணையைத் திறக்க வேண்டிய நாள் ஜூன் 12. 2024இல் ஜூலை 28இல் திறந்தார்கள். எந்தப் பேட்டரி என்பது தனி ஆய்வுக்குரியது.

மூன்றாம் கட்டளையை முதலில் முடித்துவிடலாம். அதில் ஆராய அதிகமில்லை. எல்லாம் விளைந்து முடிந்தபின் மேக் இன்ஸ்டால் கொடுத்தால் ‘அனுமதி இல்லை’ என்று வரும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிய நெல்லுக்குச் சொல்லப்படுவதும் இதுவே. கணினியில் சூடோ என்று முன்னால் தட்டினால் போதும். இங்கே டெல்லிக்குக் கடிதம் போய், மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப் போகும்வரை தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

இனி மேக். இதன் மேதைமை, முடிவிலிருந்து பின்னோக்கி நடப்பது. நடவு வேண்டுமா? அதற்கு நாற்றும் சேறும். நாற்றுக்கு விதையும் தண்ணீரும். தண்ணீருக்கு மேட்டூர். ஏற்கெனவே முடிந்த வேலையைத் தேதி பார்த்து விட்டுவிடும். நேற்று உழுத வயலை இன்று உழாது. ஒரு விதியின் கீழ் வரும் கட்டளை டேப் எழுத்தில்தான் தொடங்க வேண்டும் என்பது இதன் பேர்போன கோணல். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் ஸ்பேஸ் செல்லாது. இது வம்பு என்று ஃபெல்ட்மனுக்குச் சில வாரங்களிலேயே தெரிந்துவிட்டது. அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் பழகிவிட்டதால், அவர்களைத் தொந்தரவு செய்ய மனமில்லாமல் விட்டுவிட்டார். உலகம் இன்றுவரை டேப் தட்டுகிறது.

நடவின் மேற்படி விதிகளை மேக்கின் கோப்பாக எழுதி ஓட்டினால் வரும் விடை: ‘மேட்டூரை உருவாக்க விதி இல்லை. நிறுத்தம்.’ டெல்டாவின் விதிகள் அனைத்தும், காவிரி நீரை அளக்கும் எல்லையான பிலிகுண்டுலுவுக்கு இந்தப் பக்கம் எழுதப்பட்டவை.

2018 பிப்ரவரி 16இல் உச்ச நீதிமன்றம் அந்த விதியையும் எழுதியது: பிலிகுண்டுலுவில் கர்நாடகம் ஆண்டுக்கு 177.25 டிஎம்சி விட வேண்டும். மழை பெய்த ஆண்டில் யாரும் கோப்பைத் திறப்பதில்லை. பெய்யாத ஆண்டில் மேக் இப்போதும் நிற்கிறது. பிழைச் செய்தி மட்டும் ‘பிரிப்பான் காணவில்லை’ என்று மாறியிருக்கிறது. விதியில் குற்றமில்லை, டேப் வர வேண்டிய இடத்தில் யாரோ ஸ்பேஸ் தட்டியிருக்கிறார்கள் என்பதே நம் துணிபு.