தார்சா ரோஜாவைப் பீடிக்கும் சாம்பல் பூசணம்: ஓர் ஆராய்ச்சி

ஐப்பசி பிறந்து, வடகிழக்குப் பருவமழை தாமிரபரணிக் கரையின் ஓட்டு வீடுகளை ஊறவைக்கத் தொடங்கியதும், திருநெல்வேலி வளவுகளில் வேட்டி உலராமை, தீக்குச்சி பற்றாமை, அப்பளம் நமுத்துப்போதல் ஆகிய பிரசித்தமான உபாதைகளோடு, தார்சாவில், அதாவது வீட்டு முன்கட்டில், வைத்த ரோஜாத் தொட்டிக்கு நேரும் உபாதை ஒன்றும் உண்டு என்பதும், அது பண்டிதர்களின் கவனத்தை இதுகாறும் பெறவில்லை என்பதுமே இவ்வாராய்ச்சிக்கு முகாந்திரம்.

பொட்ரைடிஸ் சினரியா என்பது அவ்வுபாதையை விளைக்கும் சாம்பல் பூசணத்துக்குச் சாஸ்திர நாமம். பொட்ரைடிஸ் என்னும் இனத்தை 1729-இல் வகுத்தவர் இத்தாலியரான மிக்கேலி. 200-க்கும் மேற்பட்ட செடியினங்களில் பேதம் பாராமல் குடியேறும் இது, பிரான்சின் சொத்தேர்ன், ஹங்கேரியின் டோக்காய்ப் பிரதேசங்களில் திராட்சையின் நீரை வற்றச் செய்து இனிப்பைத் திரட்டி, விலையுயர்ந்த மதுவுக்கே காரணமாகிறது. நம் ரோஜாவிடம் அத்தகைய தாராளம் எதையும் அது காட்டுவதில்லை.

நோயை நிர்ணயிக்கச் சித்தாந்திகள் கைக்கொண்ட காட்சி, அனுமானம், ஆகமம் என்னும் பிரமாணங்களே போதும். வாடிய இதழ் உதிர்ந்து கீழிலையில் ஒட்டிக்கொள்ள, ஒட்டிய இடம் பழுப்பேறி நனைந்த காகிதம்போல் தளர, ஓரிரு ஈரநாள் கழித்து அதன்மேல் எலிநிறப் பஞ்சு படர்ந்து, விரலால் சுண்டியதும் தூள் எழுமாயின், அது காட்சிப் பிரமாணம். அத்தூளே அதன் வித்தாதலால், சுண்டிப் பார்த்தவர் ஆராய்ச்சியாளராகும் அக்கணமே நோயைப் பரப்பியவரும் ஆகிவிடுகிறார். தளிரின்மேல் வெண்பொடியாய்ப் படிவது சாம்பல் நோய். அது வேறு ஜாதி. கறுத்துப் பிசுபிசுத்து ஈரத்துணியோடு வந்துவிடுவது கரும்பூசணம். அதற்கு மாவுப்பூச்சியையும், அதைப் போஷிக்கும் எறும்பையும் விசாரிக்க வேண்டும். ஊதியதும் சுவடின்றிப் பறந்துபோவது, பூச்சிக்கென்று ஆச்சி தூவிய அடுப்புச் சாம்பல் என்று அனுமானிக்கலாம்.

ஆகமம் எனத்தக்கது அயலார் வாக்கு. மதினி மஞ்சள் தண்ணீர் என்பாள். எதிர்வீட்டுப் பெரியவர் புளித்த மோர் என்பார். சற்றே படித்தவர், 1885-இல் பிரெஞ்சுக்காரர் மில்லார்தே பிரசித்தப்படுத்திய போர்டோக் கலவையை, அதாவது லிட்டர் நீருக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் பத்துப் பத்துக் கிராமாகச் சேர்த்த கரைசலை, எடுத்துரைப்பார். அது திராட்சைக் கொடியின் வேறொரு நோய்க்காகப் பிறந்தது. வருமுன் காக்க ஓரளவு உதவுமேயன்றி, அழுகிய இதழை மீட்காது, நல்ல இதழில் நீலக்கறையும் வைக்கும்.

காரண விசாரத்தில்தான் சங்கடம். முதற்காரணம் பூசணம், அதுவோ பெரும்பாலும் செத்த இதழிலும் காயத்திலும் முதலில் காலூன்றிப் பின்னரே உயிருள்ள பாகத்துக்கு நகர்வது. துணைக்காரணம் ஈரம், சித்திரை வெயிலில் ஒடுங்கிக் கிடக்கும் அந்நோய், குளிர்ந்த மார்கழி இரவில் இலை சில மணிநேரம் நனைந்தே இருந்தால் போதும், முளைத்துவிடும். நிமித்தகாரணம் யாது என ஆராய்ந்தால், மழை பெய்து ஓய்ந்த சாயங்காலத்திலும், “பச்சப்புள்ள மாதிரி வாடிக் கெடக்கு” என்று, பூவாளியைச் செடியின் தலையோடு கவிழ்க்கும் ஆச்சியையே தருக்கம் சுட்டுகிறது. கடலைப் பிண்ணாக்கு ஊறிய நீரை அளவின்றி ஊற்றித் தளிரை மென்மையாக்கியதும் அவளது வாத்ஸல்யமே.

சிகிச்சை சுருக்கமானது. வாடிய பூவைக் காகிதப் பையால் மூடி, துடைத்த கத்தரியால் அப்படியே நறுக்கி, தொட்டியடியில் போடாமல் அப்புறப்படுத்த வேண்டும். தொட்டிகளை ஒன்றோடொன்று உரசாமல் காற்றாட வைக்க வேண்டும். நீரைக் காலையில், மண் காய்ந்திருந்தால் மட்டும், வேரடியில் வார்க்க வேண்டும். இக்கடைசி விதியை ஆச்சியிடம் எடுத்துரைத்து ஜயித்தவர் எவரையும் யாம் அறியோமாதலால், கார்த்திகை முதல் தை பிறக்கும்வரை பூவாளியை மச்சில் ஏற்றிவிட்டு, ஏணியை அடுத்த வளவுக்கு இரவல் கொடுத்துவிடுவது உசிதம்.