குலுக்குற படி

வா சாமி, வா. 20 கொண்டை ஊசி வளைவையும் வாந்தி எடுக்காம ஏறிட்டியா? பரீட்சையில "கனமானது முழுகும், லேசானது மெதக்கும்"னு எழுதி முட்டை வாங்கினியாமே. போகட்டும், முட்டையும் சத்துதான். மொளகு யாவாரம் பண்ணப் போறேன்னு சொன்னியாமே, அதுலதான் எனக்குச் சிரிப்பு தாங்கலை.

அந்தக் கமலா ஆரஞ்சை எடுத்துத் தோலோட வாளியில போடு. மெதக்குதா? இப்ப உரிச்சுப் போடு. போச்சா அடியில? தோலை எடுத்ததும் எடை கொறைஞ்சுதானே போச்சு, அப்புறம் ஏன் முழுகுது? முழிக்காதே. தோலுக்குள்ள வெள்ளைப் பஞ்சு பூரா காத்து. எடை கையளவு, இடம் மட்டும் ஊரளவு. நீ எத்தனை கனம்னு தண்ணி கேக்காது. இத்தனூண்டு இடத்துல எத்தனை கனத்தை அடைச்சு வெச்சிருக்கேன்னுதான் கேக்கும். உங்க வாத்தியார் அதுக்கு அடர்த்தின்னு பேர் வெச்சு, நிறையைப் பருமனால வகுக்கச் சொல்றாரு.

காப்பியிலயும் இதே கதைதான். 1820கள்ல சேலத்துக் கலெக்டர் காக்பர்ன் துரை நம்ம சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தாரு. பறிச்ச பழத்தைத் தொட்டித் தண்ணியில கொட்டினா நல்லது அடியில போயிரும். பொக்கும் வண்டு குடைஞ்சதும் மேல வந்து பல்லை இளிக்கும். தொட்டிக்கு அடர்த்தின்னா என்னன்னு தெரியாது, ஆனா உன்னை மாதிரி தப்பா எழுதினதில்லை.

சரி, உன் யாவாரத்துக்கு வருவோம். மொளகு வாங்கற ஆளு ஒரு லிட்டர் அளந்து தராசுல வெப்பான். 550 கிராம் நின்னா மூஞ்சி மலரும். எறங்க எறங்க வெலையும் எறங்கும். இதைத்தான் லிட்டர் வெயிட்டுன்னு சொல்லுவாங்க.

இப்ப ஒரு கேள்வி. ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ. ஒரு லிட்டர் மொளகு அதுல பாதிதான். அப்ப மொளகு மெதக்கணுமே? நல்ல மொளகு முழுகுதே! தலையைச் சொறியாதே, பேன் முழிச்சுக்கும். டப்பாவுல மொளகு மட்டுமா இருக்கு? மணிக்கும் மணிக்கும் நடுவுல இடுக்கு. கிட்டத்தட்ட பாதி டப்பா நம்ம சேர்வராயன் மலைக் காத்து. தண்ணியில கொட்டினா இடுக்குக் காத்து புஸ்ஸுன்னு ஓடிரும். மணி தனியா மாட்டிக்கிட்டு முழுகும்.

அதனால தாத்தன் சொல்றதைக் கேளு. படிக்கணக்குல வாங்கறப்போ நல்லாக் குலுக்கு, தட்டு, இடுக்கெல்லாம் அடையட்டும். விக்கறப்போ பொறந்த கொழந்தை மாதிரி படியை அசையாமப் புடி. எதிராளியும் எங்கிட்ட படிச்சவனா இருந்தா மட்டும் கொஞ்சம் சிரமம். தராசுல வித்தா இந்தப் பொழப்பு நடக்காது, அதான் தராசுன்னாலே எனக்கு ஆகாது.

மொளகுல பப்பாளி வெதையைக் கலந்து தலையில கட்டுவாங்க. தண்ணியில போட்டுப் பாரு, வெதை மெதக்கும். ஆனா மெதந்ததெல்லாம் வெதைன்னு சண்டைக்குப் போயிராதே, பொக்கு மொளகும் மெதக்கும். பல்லுல கடிச்சுப் பாரு. உங்கப்பன் கடிக்காம வாங்கிட்டு வந்து ஒரு வாரம் பப்பாளி ரசம் ஊத்துனான்.

பேசிப் பேசித் தொண்டை காஞ்சுபோச்சு. வாளிக்குள்ள கையை விட்டு அந்த ஆரஞ்சை எடுத்துக் குடு. மெதக்கற தோலை நீ வெச்சுக்கோ, படிக்கறதுக்கு ஆகும்.