சொல்லித்தராத வாத்தியார்கள்

ராஜா ரவிவர்மாவுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்தவர் யார் என்று கேட்டால் ஒரு பட்டியல் வரும். அதில் முக்கியமான ரெண்டு பேர் ‘சொல்லிக்கொடுக்க முடியாது போ’ என்றவர்கள்.

திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் கட்டடக் கலைஞர் சிசோம் கட்டி 1880இல் முடித்த நேப்பியர் மியூசியம் இருக்கிறது. பக்கத்திலேயே 1935இல் திறந்த ஸ்ரீசித்ரா கலைக்கூடம். வெகுகாலம் ரவிவர்மா படங்களுக்குப் பேர்போன இடமாக இருந்தது அது. ‘ஆகா, என்ன ஒளி, என்ன நிழல்!’ என்று அண்ணாந்து பார்க்கிறோமே, அந்தப் படங்களுக்குப் பின்னால் இருப்பது திருவிதாங்கூர் அரண்மனையின் அரை நூற்றாண்டு ஆபீஸ் அரசியல். தங்கச் சட்டம் போட்டு மாட்டியிருப்பதால் நாமும் மரியாதையாகக் கலை என்கிறோம்.

கதை கிளிமானூரில் ஆரம்பிக்கிறது. 1848இல் பிறந்த பையன் அரண்மனைச் சுவரில் கரியால் யானையும் ஆளும் கிறுக்கித் தள்ளினான். வேறு வீடாக இருந்தால் முதுகில் ரெண்டு வைத்து, சுண்ணாம்பு வாளியைக் கையில் கொடுத்திருப்பார்கள். இங்கே தாய்மாமன் ராஜராஜ வர்மா குறுக்கே வந்தார். அவரும் படம் போடுகிறவர். சுவாதித் திருநாள் அரசவையில் இருந்த மதுரைக்காரர் அளகிரி நாயுடுவிடம் பாடம் கேட்டவர். மருமகனின் கிறுக்கலைப் பார்த்து ‘கை இருக்கிறது’ என்று கண்டுகொண்டார். தாய்வழி மரபான மருமக்கத்தாய வீட்டில் மாமன் சொன்னால் அப்பீல் கிடையாது. சுவர் தப்பித்தது, பையனும் தப்பித்தான்.

1862இல் பதினான்கு வயசுப் பையனை மாமன் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப்போய் ஆயில்யம் திருநாள் மகாராஜா முன்னால் நிறுத்தினார். ராஜாவுக்குப் பிடித்துவிட்டது. தங்க இடம் கிடைத்தது, பார்க்கப் படங்கள் கிடைத்தன. கிடைக்காதது ஒன்றே ஒன்று: தைல வண்ணம் எப்படித் தீட்டுவது என்கிற சூட்சுமம்.

அரண்மனையில் அது தெரிந்த ஆள் ராமசாமி நாயக்கர். இவரும் மதுரைக்காரர்தான், அரசவை ஓவியர். தஞ்சாவூர்ப் பாணிக்காரர்கள் பலகையில் சுண்ணக் கலவை அப்பி, தங்க ரேக்கு ஒட்டி, கல் பதித்து வேலை செய்வார்கள். நீரில் கரைத்த வர்ணம் பூசியதும் காய்ந்துவிடும். தைல வர்ணம் வேறு ஜாதி. நாள்கணக்கில் ஈரமாகவே இருக்கும். ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசலாம், குழைக்கலாம், கன்னத்து வெளிச்சம் கழுத்து நிழலில் கரைகிற மாதிரி இழுக்கலாம். அந்த இழுப்புத் தெரிந்தவருக்கு அரண்மனையில் மவுசு. மவுசு உள்ளவர் அதை அடுத்தவருக்கு ஏன் பிய்த்துக் கொடுக்க வேண்டும்?

நாயக்கர் மறுத்துவிட்டார். ‘பையனுக்கு இன்னும் கை படியலை மகாராஜா, பார்ப்போம்’ என்று எல்லா அரண்மனையிலும் எல்லாக் காலத்திலும் சொல்லப்படுகிற பதிலைச் சொன்னாரோ, முகத்துக்கு நேராகவே முடியாது என்றாரோ, மறுத்தது மறுத்ததுதான். ரவிவர்மா வரலாறு எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் நாயக்கரை வில்லனாக்கி நாலு சாத்து சாத்துவார்கள். எனக்கென்னவோ அந்தக் கதையிலேயே தொலைநோக்கு உள்ள ஒரே ஆள் அவர்தான். பையனுக்குக் கற்றுக்கொடுத்தால் தன் பிழைப்பு போகும் என்று முன்கூட்டியே கணித்தார். கற்றுக்கொடுக்காமலே போனது என்பது வேறு விஷயம்.

ஏனென்றால் நாயக்கரின் சீடர் ஆறுமுகம் பிள்ளை இருந்தார். குருநாதர் தூங்கினபிறகு இருட்டோடு இருட்டாக வந்து பையனுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தார் என்று சொல்வார்கள். குருவுக்குத் துரோகமா, கலைக்குத் தொண்டா, அல்லது வாத்தியார் மேல் இருந்த பழைய கடுப்பா? மூன்றுக்கும் இடம் உண்டு. எந்த ஆபீஸிலும் ரகசியம் கசிவது எதிரி வழியாக அல்ல, உதவியாளர் வழியாகத்தான்.

நாயக்கர் வயிற்றில் புளி கரைய இன்னொரு காரணமும் சேர்ந்தது. 1866இல் மாவேலிக்கரை பாகீரதி பாயிக்கும் ரவிவர்மாவுக்கும் கல்யாணம். பெண்ணின் அக்கா லட்சுமி பாயி, அரச குடும்பம் தத்தெடுத்த ராணி. படம் கற்றுக்கொள்ள வந்த பையன் ஒரே முகூர்த்தத்தில் ராணியின் தங்கை கணவனாகிவிட்டான். போட்டியாளனைச் சமாளிக்கலாம்; மேலிடத்துச் சொந்தக்காரப் போட்டியாளனை என்ன செய்வது?

1868இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் மகாராஜாவை வரைய வந்தார். ராஜா அவரிடம் பையனைப் பற்றிச் சொன்னார். ஜென்சன் பையன் வரைந்ததைப் பார்த்தார், யோசித்தார், நாயக்கர் கட்சியில் சேர்ந்துவிட்டார். கற்றுத்தர மாட்டாராம். வேண்டுமானால் தான் வரையும்போது ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கட்டுமாம். மதுரையிலும் ஐரோப்பாவிலும் தொழில் பயம் ஒன்றுதான், பாஷைதான் வேறு. ஆனால் ஜென்சனுக்கு ஒன்று தோன்றவில்லை: சுவரில் கரி பிடித்த காலத்திலிருந்தே பார்த்துப் பார்த்துப் பழகிய பையனிடம் ‘பார்த்துக்கொள்’ என்பது தண்டனையா? வெளிநாட்டுக்காரர் மூட்டை கட்டியதும் இவன் மகாராஜாவையும் அவர் மனைவியையும் வரைந்து கொடுத்து வீரசிருங்கலை என்ற விருதை வாங்கிக்கொண்டான்.

அப்புறம் எல்லாம் ஓட்டம்தான். மூகாம்பிகை கோயிலில் 41 நாள் விரதம், திரும்பும்போது கோழிக்கோட்டில் சப்ஜட்ஜ் கிருஷ்ண மேனன் குடும்பப் படத்துக்கு முதல் கூலி. 1873இல் சென்னைக் கண்காட்சியில் தலையில் பூச்சரம் சூடும் நாயர் பெண்ணுக்குக் கவர்னரின் தங்கப் பதக்கம். அடுத்து இசைக்கருவி மீட்டும் தமிழ்ப் பெண்ணை வரைந்தார். வேல்ஸ் இளவரசர் இந்தியா வந்தபோது அந்தப் படம் அன்பளிப்பாகப் போனது. நாயர் பெண்ணுக்குத் தங்கம், தமிழ்ப் பெண்ணுக்குச் சீமைப் பயணம். பேதம் பார்க்காத மனிதர்.

அரண்மனை சும்மா இருக்குமா? ரவிவர்மாவின் சகலை, ராணி லட்சுமி பாயியின் கணவர் கேரள வர்மா பெரிய கவிஞர். அவரை 1875இல் இதே ஆயில்யம் திருநாள் பிடித்துச் சிறையில் போட்டார். 1880இல் ராஜா கண்ணை மூடியபிறகுதான் வெளியே வந்தார். வந்து 1882இல் சாகுந்தலத்தை மலையாளத்தில் கொண்டுவந்தார். ஒரு சகலை சகுந்தலையை மொழிபெயர்க்க, இன்னொரு சகலை அவளை வரைந்துகொண்டிருந்தார். கண்வரின் வளர்ப்பு மகளுக்குத் திருவிதாங்கூரில்தான் இவ்வளவு சொந்தம்.

அடுத்து வந்த விசாகம் திருநாளுக்கும் ரவிவர்மாவுக்கும் ஒத்துப்போகவில்லை. ஓவியர் தூரிகைகளைச் சுருட்டிக்கொண்டு பரோடா பக்கம் போனார். அங்கே திவானாக இருந்த கும்பகோணத்துக்காரர் டி. மாதவ ராவ் முன்பு திருவிதாங்கூரிலும் திவான். அவர் 1884இல் ஒரு கடிதம் எழுதினார்: உங்கள் படம் வேண்டும் என்று கேட்கிறவர்கள் ஏராளம், ஒரு ஜோடிக் கை எத்தனை பேருக்கு வரையும், ஐரோப்பாவுக்கு அனுப்பி அச்சுப் போடுங்கள். திவான் மூளை! பத்து வருஷம் கழித்து, 1894இல், பம்பாய்க்குப் பக்கத்துக் காட்கோபரில் ஜெர்மன் இயந்திரங்களோடு அச்சகம் ஓடியது. லட்சுமியும் சரஸ்வதியும் எட்டு முழப் புடவையோடு காகிதத்தில் இறங்கினார்கள். அரண்மனைச் சமாச்சாரம் பூஜையறைச் சமாச்சாரமானது. ஊரெல்லாம் லட்சுமி போனாள்; முதலாளி வீட்டில்தான் தங்கவில்லை. பிளேக் வந்தது, கடன் சேர்ந்தது, அச்சகம் லோனாவ்லா பக்கம் இடம் மாறியது, கடைசியில் அங்கே வேலை பார்த்த ஜெர்மானியர் ஷ்லைசர் கைக்கே விலையாகிப் போனது.

சரி, கலைக்கூடத்துச் சுவருக்கு வருவோம். ‘ஹம்ச தமயந்தி’, 1899. சிவப்புப் புடவையில் தமயந்தி கல்கட்டில் சாய்ந்து நிற்கிறாள். எதிரே அன்னம், நளனைப் பற்றிச் சிபாரிசு பேசுகிறது. புடவை மடிப்பு ஒவ்வொன்றிலும் வெளிச்சம் வழிகிறது. நாயக்கர் ஒளித்துவைத்த இழுப்பு அத்தனையும் அந்த மடிப்புகளில் அம்பலமாகிக் கிடக்கிறது. உலகத்திலேயே கமிஷன் கேட்காத ஒரே கல்யாணத் தரகர் அந்த அன்னம்தான். அவள் முகத்தைப் பாருங்கள்: மாப்பிள்ளையின் சம்பளம் என்ன என்று கேட்கலாமா வேண்டாமா என்ற யோசனை.

இன்னொரு பக்கம் சகுந்தலை. தோழியின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைத் தூக்கி, முள் எடுக்கிற சாக்கில் பின்னால் திரும்பிப் பார்க்கிறாள். முள் கிடையாது. அது அவளுக்குத் தெரியும், தோழிகளுக்குத் தெரியும், படம் பார்க்கிற நமக்கும் தெரியும். இல்லாத முள்ளைத் தேடுகிற பெண்ணை இந்தியா இன்றுவரை சலிக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறது என்றால், நடிப்பு எந்த அளவுக்குத் தத்ரூபம்!

குடும்பத்துக்கும் பங்கு உண்டு. தம்பி சி. ராஜராஜ வர்மா நல்ல நிலக்காட்சி ஓவியர். அண்ணன் படங்களுக்குப் பின்னணி போட்டார், ஊர் ஊராகக் கூடவே போனார், இங்கிலீஷில் டைரி எழுதினார். அண்ணன் வரைவார், தம்பி கணக்கும் கடிதமும் பார்ப்பார். 1905இல் தம்பி இறந்தார், அடுத்த வருஷமே அண்ணனும் போனார். தங்கை மங்களா பாயியும் ஓவியர். அவர் வரைந்த ரவிவர்மா உருவப்படமும் திருவனந்தபுரத்துத் தொகுப்பில் உண்டு. ஊர்ப் பெண்களையெல்லாம் உட்காரவைத்து வரைந்த மனிதரை உட்காரவைத்து வரைய ஒரு தங்கையால்தான் முடிந்தது.

‘ராஜா’ பட்டத்தின் கதையையும் விட முடியாது. 1904இல் கர்சன் பிரபு கைசர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் கொடுத்தபோது பெயரை ‘ராஜா ரவிவர்மா’ என்று போட்டுவிட்டார்கள். திருவிதாங்கூரில் மூலம் திருநாள் மகாராஜாவுக்கு ஆத்திரம். ஒரு நாட்டுக்கு ஒரு ராஜா போதாதா? தாய்மாமன் பெயர் ராஜராஜ வர்மா, மருமகன் மாமன் பெயரை முன்னால் போட்டுக்கொள்வது வழக்கம் என்று சமாதானம் சொல்லப்பட்டது. நிஜ ராஜா கோபித்துக்கொண்டதுதான் மிச்சம். இன்றைக்கு ‘ராஜா’ என்றதும் நினைவுக்கு வருகிறவர் ஓவியர். மகாராஜாக்களின் பெயர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

1979இல் இந்திய அரசு இவர் படங்களைத் தேசியக் கலைச்செல்வம் என்று அறிவித்து, நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகத் தடை போட்டது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1893இல் இதே மனிதரின் பத்துப் படங்கள் கப்பலேறிச் சிகாகோ கண்காட்சிக்குப் போய் விருதோடு திரும்பின. அப்போது அனுமதி கேட்க ஆளில்லை. இப்போது தமயந்திக்கு விசா கிடையாது. பெயருக்கு அந்தக் கெடுபிடி செல்லவில்லை: 2013இல் புதன் கிரகத்தில் ஒரு பள்ளத்துக்கு ‘வர்மா’ என்று இவர் பெயரையே வைத்துவிட்டார்கள். அங்கே நல்ல வெயில், காற்று மண்டலம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது, தைல வண்ணம் காய எவ்வளவு நேரமாகும் என்று கேட்டுத் தொந்தரவு செய்யவும் யாருமில்லை.