அரக்கர் அழும் நேரம்: மெய்ப்பாட்டியல் நோக்கில் ஒரு மங்கா ஆய்வு

ஜப்பானிய மங்கா ரசிகர்களிடையே தீராத வழக்கு ஒன்று உண்டு: ஆளைத் தின்னும் அரக்கனுக்கு மனசு இருக்கிறதா, இல்லையா? தத்துவத் துறையினர் இதைக் கண்டுகொள்ளாமல் விட்டதால், தகுதி ஏதுமற்ற இக்கட்டுரையாளர் தலையில் பணி விழுந்தது.

ஆய்வுக் கருவி, தொல்காப்பிய மெய்ப்பாட்டியல். அழுகைக்கு அது நான்கு நிலைக்களன் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. கோதோகே கோயோஹாரு வரைந்த 'கிமெட்சு நோ யைபா' (2016–2020) அரக்கர்கள் இந்த நான்கிலும் கச்சிதமாக அடங்குகிறார்கள். அகாசா, தந்தையையும் மணக்கவிருந்த பெண்ணையும் பறிகொடுத்தவன்: இழவு. கியூதாரோவும் தங்கை தாகியும் யோஷிவாரா விலைமாதர் குடியிருப்பின் அடிமட்டத்தில் பிறந்தவர்கள்: வறுமை, கூடவே இளிவு. அசைவு என்பது பழைய நிலை கெட்டு வேறாவது என்கிறார்கள் உரைகாரர்கள். மனிதனாயிருந்து அரக்கனான எவனுக்கும் அதற்குத் தனிச் சான்று தேவையில்லை.

ஆனால் அழுகைக்கான காரணத்தைவிட அது வரும் நேரம்தான் கவனிக்கத்தக்கது. கழுத்தில் வாள் இறங்கும்வரை அரக்கனுக்கு ஊர் பேர் கிடையாது. இறங்கியதும் அம்மா, அப்பா, பிள்ளைப்பருவம் எல்லாம் வரிசையாக வந்துவிடுகின்றன. நம் சினிமாவில் பிளாஷ்பேக் கதாநாயகனுக்கு, அதுவும் இடைவேளைக்குப் பிறகு. அங்கே சாகப்போகிற வில்லனுக்கு. இதிலிருந்து பெறப்படுவதே 'வீழ்வோர் பிளாஷ்பேக் விதி': எதிரிக்குக் கடந்தகாலம் வாய்த்தால் எதிர்காலம் இல்லை.

பள்ளிப் பகையிலும் விதி செல்லும். இனோவே தகேஹிகோவின் 'ஸ்லாம் டங்க்' கூடைப்பந்துக் கதையில் தேசிய சாம்பியன் சன்னோ பள்ளி. அதன் நட்சத்திரம் சவாகிதா சின்ன வயதில் அப்பாவோடு பந்தாடிய காட்சி வந்ததுமே, விதி தெரிந்தவர் ஒப்பாரிக்கு ஆள் சொல்லிவிடலாம். நாயகனின் பள்ளியான ஷோஹோகு 79–78 என வென்றது. அடுத்த ஆட்டத்தில் அதே ஷோஹோகு ஐவா பள்ளியிடம் தோற்றது. அந்த ஆட்டம் வரையப்படவே இல்லை. ஐவாவுக்குப் பிளாஷ்பேக்கும் இல்லை, தோல்வியும் இல்லை. இதைவிடச் சுத்தமான சான்று பௌதிகத்தில்கூடக் கிடைப்பது அரிது.

விதியை மீறுவது 'ஃப்ரீரென்' என்னும் மங்கா. அதில் அரக்கர் பேசக் கற்றதே மனிதரை ஏமாற்றத்தான். அம்மா என்று கூவி உயிர் தப்பிய அரக்கச் சிறுமி, தனக்கு இடம் கொடுத்த ஊர்த்தலைவரையே பிறகு கொன்றுவிடுகிறாள். அரக்கன் அழுதால் பாவமே என்னும் கட்சிக்கும் பசப்பே என்னும் கட்சிக்கும் இன்னும் சமரசம் இல்லை. இக்கட்டுரையாளர் இரண்டாம் கட்சி. அழுகிற அரக்கனைவிட, அழத் தெரியாமல் அழுது காட்டுகிறவனை எழுதுவது கடினம்.

இனி, விதியைக் கதைக்கு வெளியே கொண்டுபோய்ப் பார்க்க, மாணவர் போராட்டம். 1960களின் இறுதியில் ஜப்பானிய மாணவர் பலர் அரசியல் ஏட்டோடு 'ஷோனென் மேகசின்' மங்கா இதழையும் சுமந்து திரிந்தார்கள். 1969 ஜனவரியில் மாணவர் கைப்பற்றியிருந்த டோக்கியோ பல்கலைக்கழகத்தின் யசுதா மண்டபத்தைப் போலீஸ் மீட்டது. அந்த ஆண்டு நுழைவுத் தேர்வே நடக்கவில்லை. இயக்கத்துக்கு இயக்கம் ஹெல்மெட்டில் வேறு நிறம், வேறு எழுத்து, பள்ளிச் சீருடைதான். ஒரே தாய் அமைப்பிலிருந்து 1963இல் பிரிந்த சூகாக்கு, காகுமாரு என்னும் இடதுசாரிக் குழுக்கள் போலீஸைவிட ஒன்றையொன்று அதிகம் வெறுத்தன. 1970களில் அந்தச் சண்டையில் உயிர்கள் போயின. எதிர்க்குழுவினருக்கு யாரும் பிளாஷ்பேக் வரைந்துகொடுக்கவில்லை.

அதே ஷோனென் மேகசினில் வந்த 'அஷிதா நோ ஜோ'வில் நாயகன் ஜோவும் எதிராளி ரிகிஷியும் பகையாளியானது சிறார் சீர்திருத்தப் பள்ளியில். ஜோவோடு மோதுவதற்காகப் பட்டினி கிடந்து எடையைக் குறைத்த ரிகிஷி, குத்துச்சண்டையில் ஜெயித்துவிட்டுச் செத்துப்போகிறான். இது நம் விதியின் சிறப்பு வழக்கு. தனி அதிகாரம் வேண்டும். 1970 மார்ச் 24 அன்று நாடகக்காரர் தெராயாமா ஷூஜி முன்னின்று, பதிப்பகமான கோதான்ஷாவின் கட்டடத்திலேயே ரிகிஷிக்கு இறுதிச் சடங்கு நடத்தினார். காகிதத்தில் செத்தவனுக்காகச் சுமார் 700 பேர் நேரில் வந்தார்கள்.

சரியாக ஒரு வாரத்தில், மார்ச் 31 அன்று, தீவிர இடதுசாரிக் குழுவான செம்படைப் பிரிவைச் சேர்ந்த 9 பேர் ஜப்பான் ஏர்லைன்ஸின் 'யோதோ' விமானத்தைக் கடத்தினார்கள். தாங்களே ஜோ என்று அறிவித்துவிட்டுத்தான் போனார்கள். எந்த ஜோ என்பதுதான் ஆய்வுச் சிக்கல். ரிகிஷி இறந்தபின் கதையில் ஜோவால் எதிராளியின் முகத்தில் குத்தவே முடிவதில்லை, குத்தினால் வாந்தி வருகிறது. அவர்களிடம் இதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வாய்ப்பில்லாமல், விமானம் சியோல் வழியாகப் பியோங்யாங் போய்விட்டது.